கைபேசியில் காசு எந்த வழியாகப் போகிறது? காலர் டியூனிலிருந்து ஆட்டோபே வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலர் டியூனுக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் ராசிபலன் எஸ்எம்எஸ்சுக்கும் பேலன்ஸிலிருந்து காசு போன காலம் ஒன்று இருந்தது. இன்று ஓடிடி, பாட்டு ஆப், ஆடியோ கதை, விளையாட்டு, உடற்பயிற்சி ஆப் என்று வாங்கும் பொருளும் மாறிவிட்டது, காசு போகும் வழியும் மாறிவிட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் கேட்கும் சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சொல்லியிருக்கும் விதிகள் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை.

"மொபைல்ல காசு கட் ஆயிடுச்சுன்னு சொல்றோம். அது பேலன்ஸா, பேங்க் காசா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். காசு போகக்கூடிய வழிகள் நான்கு. ஒன்று, சிம் நிறுவனம்: பிரீபெய்டு பேலன்ஸில் குறையும், அல்லது போஸ்ட்பெய்டு பில்லில் ஏறும். இரண்டு, ஆப் கடை: கூகுள் பிளே அல்லது ஆப்பிள். மூன்று, யூபிஐ ஆட்டோபே: நீங்கள் யூபிஐ பின் என்ற ரகசிய எண்ணைப் போட்டுக் கொடுத்த நிரந்தர அனுமதியை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுப்பது. நான்கு, டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் பதிந்து வைத்த அனுமதி.

வங்கியின் எஸ்எம்எஸ் வந்திருந்தால் முதல் வழி பெரும்பாலும் இல்லை. வங்கிக் கணக்கின் விவரப் பட்டியலில் அந்த வரியைப் பாருங்கள். யூபிஐ என்றும் மேண்டேட் (அந்த நிரந்தர அனுமதிக்கு வங்கிகள் வைத்த பெயர்) என்றும் இருந்தால் ஆட்டோபே. கூகுள் பிளே, ஆப்பிள் என்று பெயர் இருந்தால் கடை வழி. வங்கியில் ஒன்றுமே குறையாமல் பேலன்ஸ் மட்டும் குறைந்திருந்தால் சிம் நிறுவனம். பிரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த ஆறு மாதக் கணக்கை இனம் இனமாகக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறை சொல்கிறது. இந்த ஒன்றைத் தெளிவுபடுத்தாமல் புகார் கொடுக்கப் போனால் சிம் கடைக்காரர் வங்கியைக் காட்டுவார், வங்கி ஆப் நிறுவனத்தைக் காட்டும், நாள்தான் ஓடும்.

"முன்னாடியெல்லாம் ரீசார்ஜ் பண்ணின அன்னைக்கே அஞ்சு ரூபா, பத்து ரூபா குறையும். இப்ப ஏன் அவ்வளவா நடக்கறதில்லை?"

இரண்டு காரணங்கள். முதலாவது விதி. மதிப்புக் கூட்டுச் சேவைகளுக்கு, அதாவது எல்லோரும் வாஸ் என்று சொல்பவற்றுக்கு, வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று டிராய் 2011 ஜூலையில் உத்தரவிட்டது. அது போதவில்லை என்று 2013 ஜூலையில் இன்னொரு உத்தரவு வந்தது. இரண்டாவது சம்மதத்தைச் சேவை விற்பவர் வாங்கக்கூடாது, தனியாக இயங்கும் சம்மத வாயில் ஒன்றின் வழியாகத்தான் வாங்க வேண்டும். சேவையின் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். பதிவுக் குரல் பேசும் ஐவிஆர் அழைப்பு, எஸ்எம்எஸ், நட்சத்திரக் குறி போட்டு அழைக்கும் யூஎஸ்எஸ்டி, மொபைல் இணையம், டெலிகாலிங் என எந்த வழியில் விற்றாலும் இதே விதிதான்.

இரண்டாவது காரணம் விதியைவிடப் பெரியது. 2016க்குப் பிறகு டாக்டைம் போட்டுப் பேசும் பழக்கமே போய்விட்டது. இப்போது போடுவது 28 நாள், 84 நாள் பேக். மெயின் பேலன்ஸ் பலருக்குச் சுழியம். எடுக்க அங்கே எதுவும் இல்லாதபோது விற்பவர்கள் பணம் இருக்கும் இடத்துக்குப் போவார்கள். அது வங்கிக் கணக்கு. ஐந்து ரூபாய் பேலன்ஸ் போன இடத்தில் இன்று 499 ரூபாய் போவதற்குக் காரணம் இந்த இடமாற்றம்தான்.

"நான் எதையும் அழுத்தவே இல்லை. ஆனா சர்வீஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. எப்படி?"

மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் எண் எது என்பது சிம் நிறுவனத்தின் வலையமைப்புக்குத் தெரியும். கட்டணப் பக்கங்களுக்கு அந்த அடையாளத்தை நிறுவனமே சேர்த்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் எண்ணையோ ஓடிபியையோ தட்டாமலே, விளம்பரத்தில் ஒரு தொடுதல், அடுத்த பக்கத்தில் இன்னொரு தொடுதல் என்று வேலை முடிந்துவிடும். வீடியோவின் பிளே பொத்தான் போலத் தெரிவதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பொத்தானைப் படியவைக்கும் தந்திரமும் உண்டு. வைஃபையில் இருக்கும்போது இந்த அடையாளம் போகாது. ஆகவே அங்கே எண்ணும் ஓடிபியும் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு வழி தீய ஆப்கள். ஜோக்கர் என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் குடும்பம் இதற்கென்றே எழுதப்பட்டது. முதலில் திருட்டுத்தனமாக எஸ்எம்எஸ் அனுப்பிக் காசு பிடுங்கியது. எஸ்எம்எஸ் அனுமதியைக் கூகுள் இறுக்கியதும் சிம் வழிக் கட்டணப் பக்கங்களைப் பின்னணியில் திறந்து தானே பொத்தானை அழுத்தும் வேலைக்கு மாறியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 1,700 ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. டார்ச், வால்பேப்பர், கீபோர்டு போன்ற ஆப் ஒன்று எஸ்எம்எஸ் படிக்கவும் அறிவிப்புகளைப் படிக்கவும் அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அறிவிப்பைப் படிக்க முடிந்தால் அதில் வரும் ஓடிபியையும் படிக்க முடியும்.

"155223க்கு மெசேஜ் அனுப்பினா போதுமா? போன காசு வருமா?"

வாஸ் சேவைகளை நிறுத்துவதற்கு அது போதும். எந்த சிம்மாக இருந்தாலும் இந்த எண் ஒன்றுதான், கட்டணம் இல்லை. அழைக்கலாம், அல்லது ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று எஸ்எம்எஸ் அனுப்பலாம். என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்ற பட்டியல் வரும். எதை நிறுத்த வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. நிறுத்தியதற்கான உறுதி எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள்.

காசு திரும்ப வர நேரம் முக்கியம். சம்மதம் இல்லாமல் தொடங்கியது என்று 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சொன்னால் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் புகார் எண்ணான 198ஐ அழைத்துப் புகார் பதிந்து, அதன் பதிவு எண்ணான டாக்கெட் எண்ணை வாங்குங்கள். "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வழியில் என் இரண்டாவது சம்மதம் பதிவானது?" என்று கேளுங்கள். பதிவு அவர்களிடம் இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டதுமே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கு 30 நாளுக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிமனிதரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

"போஸ்ட்பெய்டு பில்லுல கூகுள்னு ஒரு தொகை இருக்கு. கஸ்டமர் கேர்ல எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க."

ஆப் கடையில் வாங்குவதற்கு சிம் பில்லையே பணம் கட்டும் வழியாக வைக்கலாம். கேரியர் பில்லிங் என்பார்கள். இதில் முடிவெடுப்பது கடை, வசூலிப்பது மட்டும் சிம் நிறுவனம். அதனால் வாஸ் பட்டியலில் அது வராது, 155223க்கும் தெரியாது. கஸ்டமர் கேர் சொல்வது பாதி உண்மை.

பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்டுகள் மற்றும் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போனால் வாங்கிய வரலாறு இருக்கும். வீட்டில் ஒரே சிம் எண்ணை வேறு ஜிமெயில் கணக்கில் இணைத்திருந்தால் உங்கள் வரலாற்றில் காட்டாது. அந்தக் கணக்கில் தேட வேண்டும். இனி வேண்டாம் என்றால் கட்டண வழிகளில் சிம் பில்லிங்கை நீக்கிவிட்டு, சிம் நிறுவனத்திடமும் அதை முடக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது படியைச் செய்தால்தான் வேறொருவர் மறுபடி இணைக்க முடியாது.

"ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி மூணு மாசம் ஆச்சு. இன்னும் காசு போயிட்டே இருக்கு!"

போகத்தான் செய்யும். ஆப்பை நீக்குவது போனில் இருக்கும் நிரலை நீக்குவது. சந்தா கடையின் கணக்கிலோ வங்கியின் பதிவிலோ இருக்கிறது, போனில் இல்லை. போனையே மாற்றினாலும் சந்தா தொடரும்.

கூகுள் வழி என்றால் மேலே சொன்ன அதே பகுதியில் சந்தாக்கள் என்பதற்குள் போய் ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். ரத்து செய்த பிறகும், கட்டிய காலம் முடியும்வரை சேவை ஓடும்; அதைப் பார்த்துவிட்டு ரத்து ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். முடியும் தேதி அங்கேயே எழுதியிருக்கும்.

கடை வழியாக எடுத்த சந்தாவுக்கு யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. யூபிஐ ஆப்பில் போய் அனுமதியை மட்டும் ரத்து செய்தால் கடையைப் பொறுத்தவரை சந்தா உயிரோடு இருக்கும், வேறு வழியில் கட்டு என்று கேட்கும். வேறு கார்டு இணைத்திருந்தால் அதிலிருந்து எடுக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் கடையில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, பிறகு அனுமதியை நீக்குங்கள்.

"ஒரு ரூபா டிரையல்னு போட்டிருந்தான். பின் போட்டேன். ஒரு வாரத்துல 499 போயிடுச்சு. இது மோசடி இல்லையா?"

இன்று மிக அதிகமாக வரும் கேள்வி இது. அந்த ஒரு ரூபாய்க்காக நீங்கள் போட்ட பின், ஒரு ரூபாய்க்கு மட்டும் அல்ல. அதே திரையில் ஒரு மேண்டேட்டுக்கும் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள். கடன் வாங்காமலே பிராமிசரி நோட்டில் தொகையை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரியான நிலை. பின் போடும் முன் அந்தத் திரையில் நான்கு வரிகளைப் படித்தாக வேண்டும்.

யாருக்கு என்பது முதல் வரி. ஆப்பின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். பிறகு கணக்கில் வருவது நிறுவனத்தின் பெயர்தான், குறித்து வையுங்கள். இரண்டாவது, அதிகபட்சத் தொகை. டிரையல் ஒரு ரூபாயாக இருக்க, இந்த வரியில் பல ஆயிரம் இருக்கலாம். அது உச்சவரம்பு, அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்க அனுமதி. மூன்றாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று இருந்தால் புரிந்துவிடும். "அஸ் பிரசன்டட்" என்று இருந்தால் அவர்கள் கேட்கும்போதெல்லாம் என்று பொருள். சாதாரண சந்தா ஒன்றுக்கு அப்படிக் கேட்டால் விலகிக்கொள்வதே நல்லது. நான்காவது, எந்தத் தேதிவரை. முப்பது ஆண்டு என்றுகூட இருக்கும்.

கட்டணம் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால் சட்டப்படி மோசடி என்று சொல்வது கடினம். ஆனால் ஒரு ரூபாயைப் பெரிய எழுத்திலும் 499ஐப் பொடி எழுத்திலும் போட்டிருந்தாலோ, ரத்து செய்யும் பொத்தானைத் தேடவிட்டிருந்தாலோ உங்களுக்கு ஒரு பிடி உண்டு. 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்தது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று: ரத்து செய்ய முடியாதபடி செய்வது, வழியை மறைப்பது, இலவச சந்தாவுக்கே கட்டண விவரத்தையும் தானாக எடுக்கும் அனுமதியையும் கட்டாயமாகக் கேட்பது. திரைப் படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். திரைப் படம் இல்லாத புகார் வலுவிழந்துவிடும். அந்தப் பக்கத்தை நாளைக்கே அவர்கள் மாற்றிவிடலாம்.

"காசு எடுக்கறதுக்கு முன்னாடி மெசேஜ் வரணும்னு ரூல் இருக்காமே? எனக்கு வரலையே."

இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். யார் எடுக்கப் போகிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்கு என்ற விவரம் இருக்க வேண்டும். அந்த ஒரு தடவை மட்டும் வேண்டாம் என்று சொல்லவும், மேண்டேட்டையே நீக்கவும் வழி காட்ட வேண்டும். எடுத்த பிறகும் ஓர் அறிவிப்பு வர வேண்டும்.

வரவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு வந்திருக்கிறது. யூபிஐ ஆப்பின் அறிவிப்பாக வந்து, அறிவிப்புகளை அணைத்து வைத்திருப்பதால் தெரியாமல் போயிருக்கும். அல்லது வங்கியில் பழைய எண்ணோ மின்னஞ்சலோ பதிவாகியிருக்கும். முதலில் அவற்றைச் சரிபாருங்கள். உண்மையாகவே வரவில்லை என்றால் வங்கிக்கு எழுதும்போது அதுதான் உங்கள் முதல் வாதம்.

வரும் எஸ்எம்எஸ் உண்மையா என்று பார்க்க ஒரு குறிப்பு. 2025 மே மாதத்திலிருந்து நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவைச் செய்தி, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து "உங்கள் ஆட்டோபேயை நிறுத்த இந்த இணைப்பைத் தொடவும்" என்று வந்தால் தொடாதீர்கள்.

"எந்தத் தொகை வரைக்கும் பின் கேக்காம எடுக்கலாம்? 2021ல கார்டு சந்தா எல்லாம் திடீர்னு நின்னுச்சே, அது இதனாலதானா?"

ஆம். கார்டுகளுக்கான விதியை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. அப்போது வரம்பு 2,000 ரூபாய். பிறகு யூபிஐக்கும் நீட்டித்தார்கள். 2021 ஜனவரியில் வரம்பு 5,000 ஆனது. நிறுவனங்கள் தயாராகவில்லை என்று அவகாசம் கொடுத்து, 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். முறையாகப் பதியப்படாத பழைய அனுமதிகள் எல்லாம் அன்றோடு செல்லாமல் போயின. 2022இல் ஆப்பிள், இந்தியாவில் தன் கடைக்கு கார்டு வாங்குவதையே நிறுத்தி யூபிஐ, நெட் பேங்கிங், ஆப்பிள் கணக்கு இருப்பு என்று மாறியதற்கும் இதுவே பின்னணி.

2022 ஜூனில் வரம்பு 15,000 ஆனது. சந்தாக்களுக்குப் பொருந்துவது இதுதான். 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்த்தியது மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும்.

"ரத்து பண்ணப் போனா அதுக்கும் பின் கேக்குது. பயமா இருக்கு."

ரத்து செய்யவும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது விதி, அதனால் கேட்கிறது. நீங்களே உங்கள் யூபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ஆட்டோபே என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்யும்போது பின் போடலாம். யாரோ அழைத்து, அவர்கள் அனுப்பிய கோரிக்கைக்குப் பின் போடச் சொன்னால் போடக்கூடாது. எது எது என்று அடையாளம் காண இதுவே போதும்: திரையை நீங்கள் தேடிப் போனீர்களா, அது உங்களைத் தேடி வந்ததா?

இரண்டு மூன்று யூபிஐ ஆப் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். எந்த ஆப்பில் பின் போட்டீர்களோ அதை முதலில் பாருங்கள். சில வங்கிகளின் சொந்த ஆப்பிலும் பட்டியல் உண்டு.

"கணக்குல காசு இல்லாத நாள்ல ஆட்டோபே வந்தா என்ன ஆகும்?"

அந்த முயற்சி தோற்கும், பிறகு மறுபடி முயலும். யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு 2025 ஆகஸ்ட் முதல் வைத்திருக்கும் ஒழுங்கின்படி ஒரு மேண்டேட்டுக்கு ஒரு முயற்சி, தோற்றால் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சி. நெரிசல் நேரங்களான காலை 10 முதல் மதியம் 1 வரையும், மாலை 5 முதல் இரவு 9:30 வரையும் ஆட்டோபே நடக்காது. விடியற்காலையில் காசு போனதைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு விடை இதிலேயே இருக்கிறது. கணக்கில் காசு இல்லாமல் வைத்துச் சந்தாவைச் சாகவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சம்பளம் ஏறிய நாளில் மறுமுயற்சி வந்தால் போய்விடும். ரத்து செய்வதுதான் வழி.

"ரீசார்ஜ் பேக்லயே ஓடிடி ஃப்ரீன்னு இருக்கு. ஆனா தனியாவும் காசு போகுதே?"

இரண்டு சந்தா ஓடுகிறது. முன்பு நீங்கள் தனியாக எடுத்ததை, பேக் போட்டதும் யாரும் தானாக நிறுத்துவதில்லை. பேக் வழிச் சலுகை கிடைக்க ரீசார்ஜ் செய்த அதே எண்ணில் ஓடிடிக்குள் நுழைய வேண்டும். தனிச் சந்தா மின்னஞ்சல் கணக்கில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஓடும். தனிச் சந்தாவை முதல் கேள்வியில் சொன்னபடி எந்த வழி என்று கண்டு நிறுத்துங்கள்.

பேக்கின் சலுகை எத்தனை நாள், கைபேசியில் மட்டுமா, டிவியிலும் உண்டா என்பதையும் ரீசார்ஜ் செய்யும் முன் படியுங்கள். மூன்று மாத ஓடிடி என்று போட்டு, இடையில் ரீசார்ஜ் விட்டுப்போனால் சலுகை போய்விடும் என்று நிபந்தனை வைக்கும் பேக்குகள் உண்டு. பிரீபெய்டில் ஒரு நிம்மதி: பேக் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும், தானாகக் காசு எடுக்காது.

"ஒரே சந்தா ஆப்புக்குள்ள ஒரு விலை, வெப்சைட்ல ஒரு விலை. ஏன்?"

ஆப் கடை தன் பங்கை எடுப்பதால். கூகுள் பிளேயில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு வருமானத்தில் முதல் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30 என்று வைத்தார்கள். சந்தாக்களுக்கு 2022 ஜனவரி முதல் 15. ஆப்பிளில் பொதுவாக 30, சிறு நிறுவனங்களுக்கு 15. இதைச் சிலர் விலையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே எடுக்கும் முன் உலாவியில் அதே சேவையின் தளத்தைத் திறந்து விலையைப் பாருங்கள்.

இந்தியாவில் இதன்மேல் பெரிய வழக்கே நடந்தது. தன் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு கூகுள் வேறு கட்டண வழியையும் பக்கத்தில் வைக்க அனுமதித்தது, ஆனால் அதற்குத் தன் பங்கில் 4 சதவீதப் புள்ளி மட்டுமே குறைத்தது. சென்னையிலிருந்து இயங்கும் மேட்ரிமோனி.காம் முதலான நிறுவனங்கள் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே வெற்றி கிடைக்கவில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களைக் கூகுள் கடையிலிருந்து நீக்கியது, அரசு தலையிட்டதும் சில நாளில் திரும்ப வைத்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

"நாங்க சின்னதா ஒரு தமிழ் ஆடியோ ஆப் நடத்தறோம். எந்த வழியில பணம் வாங்கறது நல்லது?"

ஜிஎஸ்டி நீங்கலாக 100 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். கூகுளின் கட்டண முறையில் 15 போக 85. மாற்று வழியை வைத்தால் கூகுளுக்கு 11, அதற்கு மேல், பணத்தை வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனம் வாங்குவது. மிச்சமாகும் 4 ரூபாயில் கேட்வே கட்டணமும், பணம் திருப்பித் தரும் வேலையும், வாடிக்கையாளர் புகாரும் அடங்க வேண்டும். நூறு சந்தாதாரர் இருக்கும்போது அது மிச்சமல்ல, தலைவலி. பல ஆயிரம் பேர் ஆன பிறகு யோசிக்கலாம். சொந்த இணையதளத்தில் யூபிஐ ஆட்டோபே வைத்து வாங்கினால் கடைக்குப் பங்கு இல்லை, சிறு நிறுவனத்துக்கு உண்மையான லாபம் அங்கேதான்.

எந்த வழியாக இருந்தாலும், அனுமதியின் உச்சவரம்பைச் சந்தா விலைக்கு ஒட்டியே வையுங்கள். 99 ரூபாய்ச் சந்தாவுக்கு 15,000 வரம்பு கேட்டால், மேலே சொன்ன நான்கு வரிகளைப் படிக்கத் தெரிந்தவர் பின் போடாமல் போய்விடுவார். நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறாக இருந்தால் கட்டணத் திரையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். கணக்கில் தெரியாத பெயரைப் பார்த்துப் பதறி வங்கியில் புகார் கொடுப்பவர் பலர்.

"பையன் கேம்ல காசு கட்டிட்டான். திரும்ப வாங்க முடியுமா?"

பிளே வழி என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேளுங்கள். தாண்டிவிட்டால் விளையாட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும், கிடைப்பது அவர்கள் மனம். ஆப்பிளில் ரிப்போர்ட் எ பிராப்ளம் என்ற பக்கம் இருக்கிறது. இனி நடக்காமல் இருக்க, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு என்று வையுங்கள். பிள்ளையின் கணக்கைக் கூகுள் ஃபேமிலி லிங்க்கில் இணைத்தால் வாங்கும் முன் உங்கள் ஒப்புதல் கேட்கும்.

"அம்மா தனியா இருக்காங்க, ஸ்மார்ட்போன் வெச்சிருக்காங்க. என்ன செஞ்சு வெச்சுட்டு வரணும்?"

முதலில் சிம்: மெயின் பேலன்ஸில் பணம் வைக்காதீர்கள், பேக் மட்டும் போடுங்கள். சிம் வழிக் கட்டணச் சேவைகளை முடக்கச் சொல்லி நிறுவனத்திடம் பதியுங்கள். அடுத்து வங்கி: ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யூபிஐயில் இணைக்க வேண்டாம். சிறு தொகை மட்டும் வைக்கும் இன்னொரு கணக்கை இணையுங்கள். எந்த விதியையும்விட இது அவர்களைக் காக்கும். மாதம் ஒருமுறை போகும்போது ஆட்டோபே பட்டியலையும் பிளே ஸ்டோர் சந்தாக்களையும் திறந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அவர்களிடம் "எதையும் தொடாதே" என்று சொல்லி வைப்பது பயன் தராது. போனைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். "கட்டணம் என்று வந்தால் பின் போடும் முன் எனக்கு ஒரு போன் போடு" என்பது நடக்கக்கூடிய ஏற்பாடு. ஏற்கெனவே ஏதாவது போயிருந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை மறைத்துவிடுகிறார்கள், 24 மணி நேரமும் 48 மணி நேரமும் அப்படித்தான் கைவிட்டுப் போகின்றன.

"பேங்க்ல கேட்டா, நீங்கதானே பின் போட்டீங்கன்னு கைவிரிக்கறாங்க. இனி எங்க போறது?"

பின் போட்டது நீங்கள் என்றால், 2017இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வாடிக்கையாளர் பொறுப்பு வரம்பு விதி பெரும்பாலும் கைகொடுக்காது. வெளியார் செய்த முறைகேட்டை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்பது அது. நீங்களே கொடுத்த அனுமதி அதில் வராது. ஆகவே "நான் அனுமதிக்கவில்லை" என்ற வாதத்தை எடுக்காதீர்கள். பிடிக்கக்கூடியவை வேறு: முன்னறிவிப்பு வரவில்லை, ரத்து செய்த தேதிக்குப் பிறகு எடுத்தார்கள், வரம்பை மீறி எடுத்தார்கள், சொன்ன இடைவெளிக்கு முன்பே எடுத்தார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

யூபிஐ ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. வங்கியிடம் முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் தள்ளுபடி ஆகிவிடும். யாரோ ஏமாற்றிப் பின் போட வைத்தார்கள் என்றால் அது சைபர் குற்றம். எதற்கும் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

புகாரோடு வைக்க வேண்டியவை: யூபிஐ பரிவர்த்தனை எண், மேண்டேட்டின் எண், பின் போட்ட திரையின் படம் இருந்தால் அது, ரத்து செய்ததற்கான எஸ்எம்எஸ், வங்கிக் கணக்கில் அந்த வரி இருக்கும் பக்கம். பரிவர்த்தனை எண் 12 இலக்கம் கொண்டது. வங்கியின் எஸ்எம்எஸ்ஸிலும் யூபிஐ ஆப்பின் வரலாற்றிலும் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.